இருநூற்றுப் பதினான்கு நாள் நாற்காலி

ஒரு நாற்காலி செய்ய உட்காரும் பலகை ஒன்று, சாயும் பலகை ஒன்று, வளைத்த இரும்புக் குழாய்ச் சட்டம் ஒன்று, திருகாணி பத்து, கால் ரப்பர் நான்கு வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளப் பல்கலைக்கழகம் வரை போக வேண்டியதில்லை என்று பிளான்காரர் பத்தொன்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

பிளான்காரர் என்பது அவருடைய பெயரல்ல. நாற்காலித் தொழிற்சாலையில் என்றைக்கு எதை, எத்தனை செய்ய வேண்டும் என்று திட்டம் போட்டு, வாசல் பக்கத்துக் கரும்பலகையில் எழுதி, கீழே கையெழுத்துப் போடுவது அவர் வேலை. அதனால் எல்லோரும் அப்படிக் கூப்பிட்டார்கள். கோபம் வந்தால் அவர் மனைவியும்.

பெரிய வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பிய பரிசோதகர் ஒரு நாள் தொழிற்சாலைக்கு வந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கரும்பலகை முன் நின்றார்.

"இதுல கையெழுத்துப் போடறவருக்கு என்ன தகுதி?"

"பத்தொன்பது வருஷமா போடறார்" என்றார் முதலாளி.

பரிசோதகர் தகுதி என்ற கட்டத்தில் 'வயது' என்று எழுதிக்கொண்டார். அடுத்த வருடம் இதே தேதியில் திரும்ப வருவதாகவும், அதற்குள் கையெழுத்துப் போடுபவர் ஒரு பல்கலைக்கழகச் சான்றிதழாவது வைத்திருக்க வேண்டும் என்றும், இல்லையென்றால் வேறு எவரிடம் சான்றிதழ் இருக்கிறதோ அவர் கையெழுத்துப் போடட்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

வேறு எவரிடம் என்பதற்கு ஒரே ஒரு விடைதான் இருந்தது. முதலாளியின் அக்கா மருமகன் மீன் வளர்ப்பில் சான்றிதழ் வாங்கியவர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, நாற்காலிக்கு முன்பக்கம் எது என்று விசாரித்தவர்.

"என்னால ஆனது ஒண்ணுதான்" என்றார் முதலாளி. "வாரத்துல மூணு நாள் உங்களை விட்டுடறேன். படிச்சுட்டு வாங்க. வரலேன்னா, நீங்க பேக்கிங்ல. மாப்பிள்ளை உங்க இடத்துல. அக்கா இப்பவே தினம் போன் பண்றாங்க."

இப்படித்தான் பிளான்காரர் நாற்பத்தேழாம் வயதில், 'உற்பத்தித் திட்டமிடலும் வளக் கட்டுப்பாடும்' என்ற ஒரு வருடப் படிப்பில் சேர்ந்தார்.

முதல் வகுப்புக்கு ஐந்து நிமிடம் முன்னதாகப் போனார். வகுப்பில் நாற்பத்திரண்டு மாணவர்கள் இருந்தார்கள். நாற்காலிகள் பத்தொன்பது இருந்தன. இருபத்துமூன்று பேர் சுவரோரமாக நின்றார்கள். துறை அலுவலகத்து எழுத்தர் அம்மா வருகைப் பதிவேட்டோடு வந்தார்.

"நாற்காலி எண்?"

"நாற்காலி இல்லையேம்மா. நின்னுட்டிருக்கேன்."

"அப்ப நீங்க வரலை" என்று அடுத்தவரிடம் போனார்.

பிளான்காரர் தன் கையைக் கிள்ளிப் பார்த்துக்கொள்ளவில்லை என்றாலும், அந்த எண்ணம் வந்தது. பக்கத்தில் நின்ற பெண்மணி அவரைப் பார்த்துச் சிரித்தார். பிஸ்கட் கம்பெனியில் மேற்பார்வையாளர். தேர்வில் இரண்டு முறை தோற்றவர் அல்ல. இரண்டு வருடமாகத் தேர்வுக்கே அனுமதிக்கப்படாதவர்.

"அண்ணா, இங்க பேரைக் கூப்பிட மாட்டாங்க. நாற்காலி நம்பர்தான். நூறு வகுப்புல எழுபத்தஞ்சு வகுப்பாவது உட்கார்ந்தாத்தான் பரீட்சை எழுத விடுவாங்க. பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு நான் வர்றதுக்குள்ள நாற்காலியெல்லாம் முடிஞ்சுடும். ரெண்டு வருஷமா நான் இங்க வரவே இல்லைன்னு எழுதி வெச்சிருக்காங்க. கால் வலி மட்டும் எப்படி வந்துச்சுன்னு தெரியலை."

அன்று மாலையே பிளான்காரர் கணக்குப் போட்டார். பழக்க தோஷம். பத்தொன்பது நாற்காலி, நூறு வகுப்பு. ஆக மொத்தம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் உட்காரல். ஆளுக்கு எழுபத்தைந்து என்றால் இருபத்தைந்து பேருக்குத்தான் போதும். மீதிப் பதினேழு பேர் எவ்வளவு அக்கறையாகப் படித்தாலும் வராதவர்கள்தான். இதைத் தெளிவாக ஒரு தாளில் எழுதி, அடிக்கோடிட்டு, துறைத்தலைவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். தகவல் தெரியாமல்தான் இப்படி நடக்கிறது என்று அவர் உண்மையிலேயே நம்பினார்.

துறைத்தலைவர் தாளை இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்தது.

"முதல் நாள்லயே பிடிச்சுட்டீங்களே. இதைப் புரிஞ்சுக்கச் சில பேருக்கு வருஷம் பூரா ஆகும். இதுதாங்க வளக் கட்டுப்பாடு. பதினோரு வருஷமா எங்க தேர்ச்சி விகிதம் அறுபது சதவீதம். ஒரு புள்ளி ஏறினதில்லை, ஒரு புள்ளி இறங்கினதில்லை. மத்த துறைகளைப் பாருங்க. ஒரு வருஷம் எழுபது, ஒரு வருஷம் ஐம்பது. மாணவர்களோட அறிவை நம்பினா அப்படித்தான். நாங்க நாற்காலியை நம்பறோம்."

பிளான்காரர் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த வகுப்பிலிருந்து காலை ஆறு மணிக்கே போனார். வகுப்பு பத்து மணிக்கு.

"ஊர் உலகத்துக்கே நாற்காலி செஞ்சு போடற மனுஷன், உட்கார இடம் தேடி விடியக்காலையில ஓடறார்" என்று மனைவி சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுத்தாள். "யார்கிட்டயாவது சொன்னாச் சிரிப்பாங்க. அதனாலதான் நான் யார்கிட்டயும் சொல்லலை. எதிர்வீட்டுக்காரிகிட்ட மட்டும் சொன்னேன்."

ஆறு மணிக்குப் போனவருக்கு, ஐந்தரைக்கே வந்தவர்கள் இருப்பது தெரிந்தது. ஒரு நாள் தொழிற்சாலையிலிருந்து சொந்தமாக ஒரு நாற்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். எழுத்தர் அம்மா அதைக் கவிழ்த்துப் பார்த்தார். பலகையின் அடியில் தொழிற்சாலை எண் இருந்தது. முப்பத்தாறாயிரத்து நூற்றுப் பதினெட்டு.

"பதிவேட்டுக் கட்டத்துல ரெண்டு இலக்கத்துக்குத்தான் இடம்."

"கடைசி ரெண்டை மட்டும் எழுதிக்கங்களேன்."

"பதினெட்டு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கார்."

நாற்காலியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் அலுவலக மூலையில் அதைக் கண்டார். துறையின் நாற்காலி ஒன்று, எண் இருபது, முதுகில் தெளிவாக எழுதியிருந்தது. அதன்மேல் குடிதண்ணீர்க் கேன் உட்கார்ந்திருந்தது. கேட்டதில், எண் இருபதும் பதிவேட்டில் இருக்கிறது என்றும், நாற்காலி காலியாக இல்லாததால் தினமும் வருகை குறிக்கப்படுகிறது என்றும் தெரிந்தது. பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூடத் தவறாத ஒரே மாணவன் அந்தக் கேன்தான்.

மறுநாள் தொழிற்சாலையில் மிஞ்சிய இரும்புக் குழாயில் ஒரு ஸ்டாண்டு பற்றவைத்து எடுத்து வந்தார். கேன் இடம் மாறியது. எழுத்தர் அம்மா ஸ்டாண்டை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. அந்த அலுவலகத்தில் ஆடாத பொருள் ஒன்றை அவர் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருக்க வேண்டும்.

"சரி. இனிமே இருபது நீங்க" என்றார்.

"புது நாற்காலி வாங்க மாட்டாங்களாம்மா?"

"கோப்பு இருக்கே" என்று பீரோவைத் திறந்து தடியான ஒரு காகிதக் கட்டை எடுத்துப் போட்டார். "நூறு தடவை நூல் மாத்திக் கட்டியாச்சு."

பிளான்காரர் அதைப் பிரித்தார். முதல் தாள், இருபத்துமூன்று நாற்காலி கேட்டுத் துறை எழுதிய கடிதம். இரண்டாவது தாளின் எழுத்து அவருக்குத் தெரிந்த எழுத்து. ஊரில் இருந்ததே ஒரு நாற்காலித் தொழிற்சாலை. 'தங்கள் கடிதம் கிடைத்தது. இருபத்துமூன்று நாற்காலிகளையும் ஒன்பது நாளில் தந்துவிடுகிறோம்' என்று மூன்று வருடத்துக்கு முன் அவரே எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் அது. ஓரத்தில் சிவப்பு மையில் துறைத்தலைவர் எழுதியிருந்தார்: 'நம்பத்தகுந்ததல்ல. விரிவான ஆய்வு தேவை.'

"இது நான் எழுதினது" என்றார்.

எழுத்தர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை முழுசாகப் பார்த்தார்.

"அந்த ஒன்பது நாள் நீங்கதானா? உங்களைப் பத்தித்தானே ரெண்டு வருஷமா பாடம் நடக்குது."

நடந்தது. பத்துப் பாடங்களில் நான்கு, 'ஒன்பது நாள் மாயை' என்ற தலைப்பில் இருந்தன. துறைத்தலைவர் அந்தக் கோப்பையே ஆய்வுக்கு எடுத்து, அது எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கியது என்று துல்லியமாக அளந்திருந்தார். துறை மேசையில் முப்பத்தொன்று. கொள்முதல் பிரிவில் ஐம்பத்தெட்டு. கையெழுத்துக்காக நாற்பத்து நான்கு. குழு கூடும்வரை எழுபத்திரண்டு. இதில் செய்கிற நாள் ஒன்பதைச் சேர்த்தால் இருநூற்றுப் பதினான்கு. ஆய்வு முடியும்வரை நாற்காலி வாங்குவது ஆய்வின் நடுநிலைமையைப் பாதிக்கும் என்பதால் வாங்கவில்லை.

சாக்பீஸ் இல்லாத நாட்களில் இந்தப் பாடம் வாயால் நடந்தது. இருப்பு வைப்பது பாவம் என்பது துறையின் கொள்கை. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு சாக்பீஸ் கேட்டு விண்ணப்பம் போகும். வகுப்பு முடியும் நேரத்தில் சாக்பீஸ் வரும். பாடப்புத்தகம் தேர்வுக்கு மறுநாள் வந்தது.

"முன்னாடியே வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று துறைத்தலைவர் கேட்டார். "வீட்டுல சும்மா கிடந்திருக்கும். அதைத்தான் தேக்கம்னு சொல்றோம்."

வருகை நிறைந்தவர்கள் அந்த வருடம் இருபத்தாறு பேர். வழக்கத்தைவிட ஒருவர் கூடுதல்; கேன் விட்டுக்கொடுத்த இடம். தேர்வில் ஐந்தாவது கேள்வி இருபது மதிப்பெண்ணுக்கு: 'ஒரு துறைக்கு இருபத்துமூன்று நாற்காலிகள் தேவை. எத்தனை நாளாகும்? விளக்குக.'

விடை என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று பிளான்காரருக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும், குழாய் வளைக்க ஒரு நாள், பற்றவைக்க ஒரு நாள், பெயின்ட் அடித்துக் காய இரண்டு நாள், பலகை வெட்டி ஒட்டி அழுத்தி எடுக்க மூன்று நாள், பூட்ட ஒரு நாள், சரிபார்த்துக் கட்ட ஒரு நாள், ஆக ஒன்பது நாள் என்று எழுதினார். பத்தொன்பது வருடக் கை; அதற்கு வேறு எழுத வரவில்லை.

இருபத்தைந்து பேர் தேர்ச்சி பெற்றார்கள். விகிதம் காப்பாற்றப்பட்டது. பிளான்காரருக்கு நாற்பத்தொன்று. தேவை ஐம்பது. ஐந்தாவது கேள்விக்கு முட்டை.

பரிசோதகர் வருவதற்கு இருபத்தெட்டு நாள் இருந்தது. மருமகன் அதற்குள் ஒரு பேனா வாங்கிவிட்டதாகத் தொழிற்சாலையில் பேச்சு. பிளான்காரர் துறைத்தலைவர் அறைக்குப் போனார்.

"சார், அந்தக் கணக்குச் சரி சார். வேணும்னா வந்து பாருங்க. செஞ்சு காட்டறேன்."

"யார் இல்லேன்னா? நாற்காலி செய்ய ஒன்பது நாள்தான். ஆனா நான் செய்யறதைப் பத்தியா கேட்டேன்? கிடைக்கறதைப் பத்திக் கேட்டேன். செய்யறது என்ன பெரிய விஷயம்? யார் வேணும்னாலும் செஞ்சுடலாம். அதைக் கிடைக்காம வெச்சிருக்கறதுக்கு எத்தனை பேர் உழைக்கறாங்க தெரியுமா? கொள்முதல்ல ஆறு பேர். குழுவுல ஒன்பது பேர். அவங்க உழைப்பையெல்லாம் நீங்க ஒரே வரியில பூஜ்யம்னு எழுதிட்டீங்க. மனசு கஷ்டமா இருக்காதா?"

"தப்புத்தான் சார்" என்றார் பிளான்காரர். கொள்முதல் பிரிவு ஆறு பேரையும் நினைத்தபோது அவருக்கே கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

பதினைந்தாம் நாள் மறுதேர்வு. தனியாக உட்கார்ந்து எழுதினார். இருநூற்றுப் பதினான்கு என்று எழுதும்போது எழுத்து லேசாகக் கோணியது. ஆனால் மேசை மேசையாக, நாள் நாளாக, எந்த மேசையில் கோப்பின்மேல் என்ன கனம் வைத்திருந்தார்கள் என்பது உட்பட எழுதிவிட்டார். ஒரே தாள் என்பதால் அன்றே திருத்தினார்கள். முழு மதிப்பெண்.

"சான்றிதழ் எப்பம்மா கிடைக்கும்?" என்று எழுத்தர் அம்மாவிடம் கேட்டார்.

"எண்பது நாள்ல."

"பரிசோதகர் பதிமூணு நாள்ல வர்றார்."

"அவரைக் கொஞ்சம் நிதானமா வரச் சொல்லுங்க."

பிளான்காரர் வீட்டுக்குப் போனார். பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். நாற்காலிக்கு எழுதுவதுபோலவே சான்றிதழுக்கும் பொருள் பட்டியல் எழுதினார். தடித்த தாள் ஒன்று. பெயரை அழகாக எழுதுகிறவர் ஒருவர். செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். கையெழுத்து மூன்று. முத்திரை ஒன்று. மை. பீரோச் சாவி. துறைத்தலைவரின் மூக்குக்கண்ணாடி ஒன்று. வழக்கமாகக் காரில் இருக்கும்.

பிறகு கடைசி நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டார். வேலை எங்கே தேங்கும் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். மூன்று அதிகாரிகளும், மற்றவர் முதலில் போடட்டும் என்று ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பார்கள். எவர் முதலில் என்று விதியில் இல்லை. அறையில் இருக்கிறவரிடம் முதலில் போனார். மூக்குக்கண்ணாடிக்காகக் கார் ஓட்டுநரோடு சிநேகமானார். முத்திரை மை காய்ந்து போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. புது மை கேட்ட விண்ணப்பம் கொள்முதல் பிரிவில் இருந்தது. அதற்கு ஐம்பத்தெட்டு நாள் என்பது அவர் படித்த பாடம். தொழிற்சாலையில் அட்டைப் பெட்டிகளுக்கு முத்திரை குத்துகிற மையை ஒரு டப்பாவில் கொண்டுவந்தார்.

ஒன்பதாம் நாள் சான்றிதழ் அவர் கையில் இருந்தது. முத்திரை கொஞ்சம் தடிமனாக, மழையில் நனைந்தாலும் போகாத ஊதா நிறத்தில் இருந்தது.

"இந்த ஆபீஸ்ல ஒன்பது நாள்ல ஒண்ணும் வெளிய போனதில்லை" என்றார் எழுத்தர் அம்மா. "யார்கிட்டயும் சொல்லாதீங்க. சாருக்குத் தெரிஞ்சா இதையும் ஆராய்ச்சி பண்ணுவார்."

பரிசோதகர் வந்தார். தகுதி என்ற கட்டத்தில் வயதை அடித்துவிட்டுச் சான்றிதழ் என்று எழுதினார். கரும்பலகையை இந்த முறை அவர் பார்க்கவில்லை. மருமகன் புதுப் பேனாவோடு பேக்கிங் பிரிவுக்குப் போய் அட்டைப் பெட்டிகளில் 'இந்தப் பக்கம் மேலே' என்று எழுதத் தொடங்கினார். பெரும்பாலும் சரியான பக்கத்தில்.

சான்றிதழ் பெற்ற பிளான்காரர் முதன்முதலில் கையெழுத்திட வேண்டிய ஆர்டர் அதே வாரம் வந்தது. பல்கலைக்கழகத் துறையிலிருந்து. ஆய்வு முடிந்துவிட்டபடியால் இருபத்துமூன்று நாற்காலி தேவை, எண் இருபத்தொன்றிலிருந்து நாற்பத்துமூன்று வரை முதுகில் எழுதி அனுப்பவும். கீழே ஒரு நிபந்தனை: 'ஆய்வு முடிவின்படி இருநூற்றுப் பதினான்காம் நாள் மட்டுமே பெற்றுக்கொள்ளப்படும். முன்னதாக வந்தால் தேக்கமாகக் கருதித் திருப்பப்படும்.'

முதலாளி அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இப்ப நீங்க படிச்சவர். சொல்லுங்க. ஒன்பதா, இருநூத்துப் பதினாலா?"

"ரெண்டும்தான் முதலாளி" என்று பிளான்காரர் கையெழுத்துப் போட்டார்.

ஒன்பதாம் நாள் இருபத்துமூன்று நாற்காலியும் தயாராகி, பக்கத்துக் கொட்டகையில் வரிசையாக நின்றன. துறையில் புது வகுப்பு தொடங்கியிருந்தது. நாற்பத்திரண்டு பேர். பிஸ்கட் கம்பெனி அம்மா நான்காவது முறை சேர்ந்திருந்தார். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போகிற வழியில் கொட்டகைக்கு வந்தார்.

"அண்ணா, இதுங்க இங்க என்ன பண்ணுது?"

"காத்திருக்குதும்மா. இன்னும் இருநூத்தஞ்சு நாள்."

"நான் மூணு வருஷமா நின்னுட்டிருக்கேன். இதுங்க உட்கார ஆள் இல்லாம நிக்குது."

பிளான்காரர் யோசித்தார். ஆர்டரை எடுத்து இன்னொரு முறை படித்தார். நாற்காலியைத் துறை முன்கூட்டிப் பெற்றுக்கொள்ளக் கூடாது என்றுதான் இருந்தது. நாற்காலி முன்கூட்டி அங்கே போய்விட்டுத் திரும்பி வரக் கூடாது என்று எங்கும் இல்லை.

அன்று அவர் இருபத்தொன்றைத் தூக்கிக்கொண்டு போனார். எழுத்தர் அம்மா முதுகில் இருந்த எண்ணைப் பார்த்தார். இரண்டே இலக்கம். கட்டத்தில் சரியாகப் பொருந்தியது. "இருபத்தொண்ணு, வந்தாச்சு" என்று குறித்துக்கொண்டார். மூன்று வருடத்தில் பிஸ்கட் கம்பெனி அம்மா அங்கே வந்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் இருபத்துநான்கு வரை போயின. மாத முடிவில், வகுப்பு நாட்களில் தொழிற்சாலையின் சிறிய லாரியே காலையில் இருபத்திரண்டு நாற்காலிகளை இறக்கிவிட்டு மாலையில் ஏற்றிக்கொண்டு வந்தது. மிஞ்சிய நாற்பத்துமூன்றில் மதிய வேளையில் வெல்டர் உட்கார்ந்து சாப்பிட்டார். பத்து வருடமாக அவர் பலகைக் குவியல்மேல் உட்கார்ந்து சாப்பிட்டவர். நாற்காலியில் உட்கார்ந்தால் சோறு வேறு மாதிரி இறங்குகிறது என்று சொன்னார்.

இருநூற்றுப் பதினான்காம் நாள், நாற்காலிகள் முறைப்படி துறைக்குப் போய்ச் சேர்ந்தன. குழுவின் ஒன்பது பேரும் வந்தார்கள். துறைத்தலைவர் பேசினார்.

"இன்னைக்குச் சரியா இருநூத்துப் பதினாலு. ஒரு நாள் கூடலை, ஒரு நாள் குறையலை. இந்தக் கணக்கை நம்பாத ஒருத்தர் இங்கேயே இருக்கார். அவர் கையெழுத்துப் போட்டுத்தான் இந்த நாற்காலி வந்திருக்கு. இதுக்கு மேல நிரூபணம் வேணுமா?"

எல்லோரும் கை தட்டினார்கள். பிளான்காரரும் தட்டினார். பின்வரிசையில், வருகை நிறைந்த நாற்பத்திரண்டு பேர் பலமாகத் தட்டினார்கள். அந்த எண்ணிக்கை துறைத்தலைவர் மேசைக்குப் போக இன்னும் முப்பத்தொரு நாள் ஆகும் என்று எழுத்தர் அம்மா முன்பே சொல்லியிருந்தார். அதற்குள் தேர்வே முடிந்துவிடும்.

துறைத்தலைவர் எண் இருபத்தொன்றில் உட்கார்ந்து பார்த்தார். ஆடவில்லை. கையால் பலகையின் ஓரத்தைத் தடவினார். அங்கே ஒரு பேனாக் கோடும், ஒரு பிஸ்கட் துணுக்கும் இருந்தன. அவர் குனிந்து முகர்ந்தார்.

"புது நாற்காலின்னா பெயின்ட் வாசனை வருமே?"

"இருநூத்தஞ்சு நாள்ல போயிடும் சார்" என்றார் பிளான்காரர்.

துறைத்தலைவர் அதைக் குறித்துக்கொண்டார்.